மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் ஒலி அளவீடு தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். எங்கள் சபா அரங்கில் முன்வரிசையில் மிருதங்கத்தின் தகதிமி தனித்தனியாகக் கேட்கிறது. பின்வரிசையில் வேகமான சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எதிரொலி அடங்க சுவரெல்லாம் திரை போடலாம் என்கிறது கமிட்டி. எனக்கு அதில் தயக்கம். கார்வை, அதாவது ஸ்வரம் நீண்டு ஒலிப்பது, செத்துப்போனால் வீணை என்ன ஆவது?

முதல் 80 மில்லிசெகண்டில் வந்து சேரும் ஒலியையும் அதற்குப் பின் வருவதையும் ஒப்பிட்டு, இசைத் தெளிவை சி80 என்று டெசிபலில் அளப்பார்கள். சுமார் 1 டெசிபல் மாறினாலே காதுக்குத் தெரிந்துவிடும். அதனால் முதலில் அளந்து பார்த்துவிடலாம். அளவீட்டு மைக், எல்லாத் திசையிலும் ஒலிக்கும் ஸ்பீக்கர் இரவல் கிடைக்குமா?

அப்புறம், திரையோடும் திரையில்லாமலும் பதிவு செய்து, எது எது என்று சொல்லாமல் போடப்போகிறோம். கேட்டுச் சொல்ல ரசிகர்கள் வேண்டும். சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. ஞாயிறு காலை வர முடிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.