ரூஃப் டென்ட் வாங்கலாமா? காரைக்குடிப் பக்கம் யாராவது வச்சிருக்கீங்களா?

கோட்டையூரான்:

வணக்கம். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி வைத்திருக்கிறேன். நான், மனைவி, எட்டு வயது மகள். இதுவரை இரண்டு தடவை தரையில் டென்ட் போட்டுப் படுத்திருக்கிறோம்.

முதல் தடவை கானாடுகாத்தான் பக்கம், மாமனார் தோட்டத்தில். சரளைக்கல் பூமி. அடித்த முளை நாலில் மூன்று வளைந்துவிட்டது, கடைசியில் கயிற்றை வண்டிச் சக்கரத்தில் கட்டினேன். காலையில் பார்த்தால் சீமைக்கருவேல முள் ஒன்று டென்ட் அடித்துணியைக் குத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறது. இரண்டாவது தடவை நண்பரின் மாந்தோப்பு. ராத்திரி பத்து மணிக்குத் தோட்டக்காரர் டார்ச் அடித்துக்கொண்டு வந்து, "நேத்துதான் இந்தக் கிணத்தடியில ஒரு கட்டுவிரியன அடிச்சோம்" என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டுப் போனார். மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்தியவள்தான், விடியும்வரை திறக்கவில்லை.

இப்போது வண்டிக் கூரைமேல் மாட்டும் டென்ட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு லட்சத்து இருபதாயிரம் சொல்கிறார்கள், கேரியர் தனி. மேலே படுத்தால் முள் இல்லை, பூச்சி இல்லை என்று மனைவிக்கும் பாதி சம்மதம். போக நினைக்கும் இடங்கள்: வேட்டங்குடியில் பறவை பார்க்க, தொண்டி கடற்கரை, சிறுமலை. மாதம் ஒரு தடவை என்று ஆசை. நடப்பது வருடத்துக்கு நாலைந்து தடவைதான் இருக்கும். போட்ட காசுக்குத் தகுமா? கடைக்காரர் சொல்வது வேண்டாம், படுத்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:

தம்பி, நான் வச்சிருக்கேன். காரைக்குடியில லேத்துப் பட்டறை. கேரியர் வெல்டிங், டிப்பர் வேலையெல்லாம் பாக்குறவன். அதனால இரும்பு சம்பந்தமா நான் சொல்றதை நம்பலாம். தூக்கம் சம்பந்தமா என் சம்சாரத்துக்கிட்ட கேட்டுக்கங்க.

பழசா வாங்குனது. கோயமுத்தூர்ல ஒருத்தர் ரெண்டு ட்ரிப் போயிட்டு வித்தாரு, அறுபத்தஞ்சாயிரம். ரெண்டே ட்ரிப்ல ஏன் விக்கிறாருன்னு அப்பவே யோசிச்சிருக்கணும். ரெண்டு வருஷத்துல மொத்தம் பதினோரு ராத்திரி படுத்திருக்கேன். வகுத்துப் பாத்தா ராத்திரிக்கு ஆறாயிரம் ரூவா கிட்ட வருது. அந்தக் காசுக்குக் கானாடுகாத்தான்லயே பழைய செட்டியார் வீட்டை ஓட்டலாக்கி வச்சிருக்காங்கள்ல, அங்க ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரையில காலை வச்சுக்கிட்டு ஏசியில படுத்திருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். முதல்ல வண்டியோட மேனுவலை எடுங்க. கூரை எவ்வளவு தாங்கும்னு ஒரு நம்பர் இருக்கும், அது வண்டி ஓடும்போது உள்ள கணக்கு. என் வண்டிக்கு 75 கிலோ. டென்ட் 58, கேரியர் 14. ஆக 72. கேரியரோட எடையும் அதுலதான் சேரும்கிறதை எனக்கு வித்தவரு சொல்லல, நானும் கேக்கல. போர்வை, தலகாணியை உள்ளயே வச்சு மடிச்சுக்கலாம்னு நெனச்சிருந்தேன், அது போச்சு. கூரைக்குக் குறுக்கப் போடுற கம்பி, அதான் கிராஸ் பாரு, அதுக்கும் தனியா ஒரு நம்பர் இருக்கும். ரெண்டுல எது கம்மியோ அதுதான் உங்க கணக்கு.

மூணு பேரு ஏறிப் படுத்தா 200 கிலோவைத் தாண்டுமேன்னு பயப்பட வேணாம். நின்ன வண்டியில எடை அப்படியே தூண் வழியா சக்கரத்துக்கு இறங்கிரும். ஓடும்போதுதான் வில்லங்கம். பள்ளத்துல விழுந்து எந்திரிக்கையில, பிரேக் அடிக்கையில, அதே 72 கிலோ பல மடங்கா இழுக்கும். போல்ட்டை முதல் நூறு கிலோமீட்டர் ஓடுனதும் நிறுத்தி ஒரு தடவை இறுக்கணும். நான் இறுக்கல. நத்தம் தாண்டினதும் மேல டக் டக்னு சத்தம். ஏறிப் பாத்தா ஒரு நட்டு பாதி கழண்டு நிக்கிது. பட்டறை வச்சிருக்கிறவன் வண்டியில! வெளிய சொல்லிறாதீங்க.

அந்த ட்ரிப்பு சிறுமலைக்குத்தான். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் பொங்கலுக்குக் கரும்பு ஏத்துன வண்டி மாதிரி ஒரு பக்கமா சாயுது. எடை அவ்வளவு உசரத்துல உக்காந்தா அப்படித்தான். ரெண்டாவது கியரைத் தாண்டவே இல்ல. மைலேஜும் லிட்டருக்கு 15 குடுத்த வண்டி 13-க்கு வந்துருச்சு. டென்ட்டைக் கழட்டி வச்சாத் திரும்ப 15. ஆனா கழட்ட ரெண்டு ஆளு வேணும், அதனால மாசக்கணக்கா மேலயே கெடக்கும். டென்ட்டே விரிக்காத நாள்லயும் டீசல் போகுதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, ஷெட்டை அளந்துட்டு வாங்குங்க. எங்க வீடு பழைய வீடு, பின்கட்டு வாசல் கூண்டு வண்டி போக வர வச்சது. அதுல டென்ட்டோட தாராளமாப் போச்சு. நூறு வருஷம் முன்னாடி கட்டுன கொத்தனாரு யோசிச்சு வச்சிருக்காரு. போன வருஷம் நானே போட்ட தகர ஷெட்டுலதான் இடிச்சேன். டென்ட் மூடிக்கு ஒண்ணும் ஆகல, ஷெட்டுதான் மடங்கிருச்சு.

படுக்கிறது எப்படின்னா, காத்து நல்லா வரும், அதை மறுக்க மாட்டேன். சித்திரை மாசத்துல தரையில வேகுறப்ப மேல ஏறுனா நிம்மதியாத்தான் இருக்கும். ஆனா வண்டி ஸ்பிரிங்கு மேல நிக்கிதுல்ல, ஒருத்தர் புரண்டா மூணு பேரும் தொட்டில்ல ஆடுற மாதிரி ஆடும். மேடு பள்ளத்துல நிறுத்திட்டா ராத்திரி பூரா ஒருத்தர் மேல ஒருத்தர் உருளுவீங்க. சக்கரத்துக்கு அடியில கல்லு வச்சு மட்டம் பாத்துதான் விரிக்கணும். ஆடி மாசம் போகவே போகாதீங்க. துணி அடிக்கிற அடியில பொட்டுத் தூக்கம் வராது. காலையில ஆறரைக்கு வெயில் பட்டுச்சுன்னா உள்ள இட்லி கொப்பரைதான். அதுக்காக மரத்தடி பாத்து நிறுத்துவீங்க. தென்னை மட்டும் வேணாம், மட்டையோ காயோ விழுந்தா கூரைத்துணி தாங்காது. எங்க அப்பத்தா புளியமரத்தடியும் கூடாதுங்கும், அது வேற காரணம்.

மழை பேஞ்சா நனையாது. ஆனா ஜன்னலைப் பூரா மூடிட்டுப் படுத்தா நம்ம மூச்சுக் காத்தே உள்ள தண்ணியா வழியும், மெத்தைக்கு அடியில ஈரம் நிக்கும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் திறந்து வைங்க. நனைஞ்ச டென்ட்டை மடிச்சுக் கொண்டாந்தா மறுநாளே விரிச்சுக் காயப் போடணும். ஐப்பசியில நான் அஞ்சு நாள் அப்படியே விட்டேன். பூசணம் புடிச்சு, கறுப்புப் புள்ளி இன்னும் போகல, வாடையும் போகல.

எனக்குப் பெரிய தொந்தரவு இதெல்லாம் இல்ல. டென்ட் விரிச்சாச்சுன்னா வண்டி இல்லன்னு வச்சுக்கங்க. தொண்டியில காலையில பால் பாக்கெட் வாங்கணும், கடை ரெண்டு கிலோமீட்டர். வீட்டைச் சுருட்டி மடக்கிக் கட்டிட்டுத்தான் போகணும். நான் நடந்தே போயிட்டு வந்தேன். ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே கதைதான். ரெண்டு நாள் ஒரே எடத்துல தங்குறவங்களுக்கு இது சரிப்படாது.

அப்ப யாருக்கு சரின்னா, தினம் ஒரு ஊருன்னு போறவங்களுக்கு. போன தை மாசம் தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி, தூத்துக்குடின்னு கடற்கரை ரோட்டுலயே நாலு நாள் நாலு ராத்திரி. எல்லாம் தெரிஞ்சவங்க இடம். தூத்துக்குடியில ஒரு உப்பளத்துக்காரர் வீட்டுக் களத்துல நிறுத்துனேன், தரையெல்லாம் ஈரமும் உப்புமா கெடக்கு. தரை டென்ட்டா இருந்தா அங்க எங்க முளை அடிக்கிறது? வண்டியை நிறுத்துன ஏழாவது நிமிஷம் மெத்தையில படுத்துட்டோம், காலையில பத்து நிமிஷத்துல கெளம்பிட்டோம். அந்த நாலு ராத்திரிக்கு மட்டும் போட்ட காசு வசூலாச்சு. மிச்ச ஏழு ராத்திரி வீம்புக்குப் படுத்தது.

உங்க லிஸ்ட்டுக்கு வர்றேன். வேட்டங்குடி, திருப்பத்தூர் தாண்டி மதுரை ரோட்டுல. வீட்டுல நாலரைக்குக் கெளம்புனா விடியிறப்ப அங்க நிக்கலாம், அதுக்கு எதுக்குத் தம்பி டென்ட்? அந்தப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டியில தீபாவளிக்கே வெடி போடாம இருக்காங்க. நாம ராத்திரி கண்மாய்க் கரையில ஏணியைப் போட்டு லைட் அடிச்சுக்கிட்டுக் கெடக்கிறது நல்லாவா இருக்கும்?

மொட்டைமாடி:

ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு வண்டி மாடியில் படுக்க வேண்டுமா? எங்கள் வீட்டு மாடியில் பாயோடு வாடகைக்குத் தருகிறேன். ஏணி கிடையாது, படிக்கட்டு உண்டு. கொசு இலவசம்.

தேவகோட்டை ஆச்சி:

பட்டறைக்காரர் தூக்கத்தைப் பற்றி அவர் சம்சாரத்திடம் கேட்கச் சொன்னார். அந்த அம்மா எழுத மாட்டார்கள் என்று தெரிந்துதான் சொல்லியிருப்பார், அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு 61 வயது. மகன் பெங்களூரில் இருந்து இப்படி ஒரு டென்ட்டோடு வந்து, கொடைக்கானல் போகிற வழியில் ஒரு காப்பித் தோட்டத்தில் என்னை மேலே ஏற்றிவிட்டான்.

ஏறியது பெரிய விஷயமில்லை. ராத்திரி ஒரு மணிக்கு இறங்க வேண்டி வந்ததே, அதைச் சொல்லுங்கள். இருட்டு, பனியில் நனைந்த ஏணி, புடவை, முட்டிவலி. கீழே வைத்த செருப்பு எங்கே என்று காலால் துழாவுகிறேன். கோட்டையூர்த் தம்பி, உங்கள் வீட்டில் பாம்புக்குப் பயந்துதான் மேலே ஏறலாம் என்கிறார்கள். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களின் படுக்கைக்கே வந்துவிடும், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஜிப்பை முழுக்க இழுத்துவிட்டால் தரை டென்ட்டுக்குள்ளும் அது வராது. ஆபத்து ஏணியின் கடைசிப் படியில் இருக்கிறது, வெறுங்காலை இருட்டில் வைக்கும் இடத்தில். செருப்பையும் டார்ச்சையும் மேலேயே ஒரு பையில் தொங்கவிடுங்கள். போட்டுக்கொண்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் தானாக இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஜிப்புப் பக்கம் நீங்கள் படுங்கள்.

எங்கள் ஐயா தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்தவர்கள். கூடவே கூண்டு வண்டியில் சாமான் வரும். ராத்திரி தங்கும் இடத்தில் வண்டிக்கு மேலே யாரும் ஏறிப் படுத்ததாக அவர்கள் சொன்னதில்லை. வண்டிக்கு அடியில் வைக்கோலைப் பரப்பிப் படுத்ததாகத்தான் சொல்வார்கள். பனிக்கு வண்டியே கூரை. மாட்டுக்குப் போட்ட வைக்கோலில் மிச்சம்தான் மெத்தை.

அதை நினைத்து நாங்கள் இப்போது செய்வது இதுதான். வண்டிக் கேரியரிலிருந்து ஒரு தார்ப்பாயை இழுத்து இரண்டு கம்பில் கட்டுகிறோம். அதன் கீழே மடக்குக் கட்டில் மூன்று, மேலே கொசுவலை, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும். தரையில் உடம்பு படாது, முள் குத்தாது, பால் வாங்க வண்டியும் போய் வரும். எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. கம்பை மண்ணில் குத்தாமல், மணல் போட்ட பழைய பெயின்ட் டப்பாவில் நிறுத்துங்கள், சரளைக்கல் பூமிக்கு அதுதான் சரி. பலத்த காற்றும் சாரல் மழையும் வந்தால் மட்டும் நனைவோம். அன்றைக்கு வண்டிக்குள் உட்கார்ந்து சீப்புச் சீடை தின்போம்.

மலைப்பாதை:

இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்திரி தங்குவது குற்றம். டென்ட் தரையிலா கூரையிலா என்று கேட்க மாட்டார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு கெடுபிடி அதிகம். சிறுமலையில் படுக்க வேண்டுமென்றால் பட்டா நிலம், தோட்டக்காரரின் சம்மதம், இரண்டும் இருக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் தனுஷ்கோடியில் படுக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், பொழுது சாய்ந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது ஆர்.டி.ஓ. விவகாரம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. கழற்றி மாட்டும் டென்ட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கூரையில் துளை போடுவது, கேரியரை வெல்டிங் வைப்பது வேறு கதை. வண்டி கம்பெனியே விற்கும் கிராஸ் பாரை பில்லோடு வாங்கி மாட்டுங்கள். பட்டறை அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பட்டறைக்காரன்:

கோவம் எதுக்கு? என் வண்டியிலயே கம்பெனி பார்தான் இருக்கு. ஊருக்குத்தான் வெல்டிங்.

கோட்டையூரான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று டேப் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். உத்தரம் ஆறடி ஒன்பது அங்குலம். வண்டி ஆறடி. கேரியரும் மூடிய டென்ட்டும் சேர்ந்து ஒன்றேகால் அடி வரும் என்கிறார் கடைக்காரர். ஆறு அங்குலம் இடிக்கிறது.

மேனுவலும் பார்த்தேன். ஓடும்போது கூரைக்கு 50 கிலோதான் போட்டிருக்கிறது. கடைக்காரரிடம் சொன்னால், "எல்லாரும் மாட்டிக்கிட்டுதான் சார் ஓட்டுறாங்க" என்கிறார். அவர் காட்டிய டென்ட்டின் எடையே 60.

ஆச்சி சொன்ன மடக்குக் கட்டிலை மனைவியிடம் காட்டினேன். கட்டில் கால் வழியாகப் பாம்பு ஏறாதா என்று கேட்கிறாள். ஆச்சி, இதற்குப் பதில் நீங்களே சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:

வலையைச் சரியாகச் செருகினால் ஏறினாலும் உள்ளே வராது. படுக்கும் முன் விளக்கு அடித்துக் கட்டிலுக்கு அடியில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். போர்வை தரையில் தொங்கக் கூடாது, அதைப் பிடித்துத்தான் ஏறும். சோற்றுப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள். எலி வரும், எலிக்குப் பின்னால் அது வரும்.

பட்டறைக்காரன்:

50 கிலோன்னா பேச்சே இல்ல தம்பி, விட்டுருங்க. 60 கிலோ டென்ட்டை அதுல ஏத்தக்கூடாது. புள்ளைக்கு மேல படுத்துப் பாக்கணும்னு ஆசைன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. என் வண்டி மேல விரிச்சு வைக்கிறேன், ஒரு ராத்திரி மூணு பேரும் படுங்க. பூசண வாடைக்கு நான் பொறுப்பில்ல. அப்படியே புடிச்சிருச்சுன்னா சொல்லுங்க, நாப்பதாயிரத்துக்குத் தர்றேன், கூரை தாங்குற வண்டியா அப்புறம் வாங்கிக்கங்க.