பக்கத்து மனையில் 5 மாடி: இடைவெளியை எங்கிருந்து அளப்பது?

வணக்கம். மடிப்பாக்கத்தில் எங்களுடையது தரைத்தளம் மட்டும் உள்ள வீடு, 1994-இல் அப்பா கட்டியது. கிழக்குப் பக்க மனையில் ஜனவரியிலிருந்து ஸ்டில்ட் பார்க்கிங்கும் (தூண்களுக்கு இடையே வண்டி நிறுத்தும் தரைத்தளம்) அதன் மேல் 5 மாடியும் எழும்புகின்றன. காலை 8 மணிக்கே துளசி மாடத்தில் விழுந்த வெயில் இப்போது 11 மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிறது. கொடியில் காயும் துணியில் சிமெண்ட் பால் சொட்டுகிறது.

டேப் பிடித்து அளந்தேன். அவர்கள் சுவருக்கும் எங்கள் காம்பவுண்டுக்கும் 8 அடி. ஆனால் மூன்றாம் மாடி பால்கனி விளிம்பிலிருந்து 4 அடிகூட இல்லை.

சைட் இன்ஜினியரிடம் இரண்டு முறை பேசினேன். "அப்ரூவல் இருக்கு சார்" என்கிறார், வரைபடத்தைக் காட்ட மாட்டேன் என்கிறார். மார்ச்சில் ஆர்டிஐ போட்டேன். 30 நாள் கெடு முடிந்தும் பதில் இல்லை, முதல் மேல்முறையீடும் அனுப்பியாயிற்று. 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம், அதற்குத்தான் 7 மீட்டர் இடைவெளி என்று தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் படித்தேன். இது அந்த உயரத்துக்குள் வருகிறது. சரி, அதில் எனக்குத் தகராறு இல்லை.

இந்த வகைக் கட்டடத்துக்குப் பக்க இடைவெளியைச் சுவரிலிருந்து அளக்க வேண்டுமா, பால்கனி விளிம்பிலிருந்தா? அனுமதி வரைபடம் போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.