ராயபுரம் வீடு (குடும்ப குரூப்)

டோனி: முப்பதாம் நாள் பூசை ஜூன் 6 சனி சாயங்காலம் 6 மணி, நம்ம இராயப்பர் கோயில்ல. ஃபாதர்கிட்ட எழுதிக் கொடுத்தாச்சு. நினைவு அட்டைக்கு தாத்தாவைப் பத்தி நாலு வரி வேணும். பிரஸ்ல நாளைக்குள்ள கேட்கிறாங்க.

சின்ன அத்தை பெரம்பூர்: சரிப்பா

அம்மா: எத்தனை பேர் வருவீங்கன்னு சொல்லுங்க. சாப்பாட்டுக்குச் சொல்லணும்.

ஸ்டெல்லா: நாங்க 5

பெரிய அத்தை: டோனி, எழுதிக்கோ. அப்பா 1959-ல ராஜூலா கப்பல்ல பண்டாரியா, அதான் சமையல்காரரா, சேர்ந்தார். அப்போ 22 வயசு. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர், திரும்ப இதே வழி. நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது, கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும். படகுல ஜனம் ஏறும். அப்பாவால இறங்க முடியாது. வேளாங்கண்ணி இருக்கிற தெற்குத் திசையைப் பார்த்து நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டு அடுப்படிக்குப் போவார். பினாங்குல எறங்கினா எதிர்க்கரையில புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் கோயில். சிங்கப்பூர்ல ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில், அங்கே தமிழ்ப் பூசை உண்டு.

ஸ்டெல்லா: அத்தை நாலு வரி 🙂

பெரிய அத்தை: இரு, முடிக்கல. 1973-ல ராஜூலா நின்னுபோச்சு. அப்புறம் சிதம்பரம் கப்பல். வரும்போது கோடாலித் தைலம், மைலோ டப்பா, எனக்கு நைலக்ஸ் புடவை. தெருவுக்கே தைலம் கொடுப்பார்.

சின்ன அத்தை பெரம்பூர்: எனக்கு குடை மட்டும்

பெரிய அத்தை: நீ அப்போ கைக்குழந்தை.

டோனி: வஞ்சிரம் குழம்பு வைக்கலாமா அம்மா? தாத்தாவுக்குப் பிடிக்கும்.

அம்மா: தடைக்காலம்டா. ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது. காசிமேட்ல விலை கேட்டா மயக்கம் வருது.

ஸ்டெல்லா: எங்க தெருவுல நெத்திலி வருது, நாட்டுப்படகு மீன்

சின்ன அத்தை பெரம்பூர்: ஐஸ் மீன் வேணாம். அப்பா மோந்து பார்த்தே சொல்லிடுவார்

அம்மா: பிரியாணியே சொல்லிடலாமா?

சின்ன அத்தை பெரம்பூர்: முப்பதுக்கு பிரியாணியா

அப்பா: சாம்பார் சாதம் போதும்.

குவைத் சித்தப்பா: எல்லாம் நீங்களே முடிவு பண்ணுங்க. அடக்கத்தையும் அப்படித்தான் பண்ணீங்க. ஒரு ராத்திரி பொறுத்திருந்தா வந்திருப்பேன்.

குவைத் சித்தப்பா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அப்பா: படிச்சிட்டேன்.

பெரிய அத்தை: தம்பி, விடுடா. மே மாச வெயில், உனக்கு டிக்கெட் எப்போ கிடைக்கும்னு தெரியல. தப்புன்னா என்மேல. நான்தான் சரின்னேன்.

சின்ன அத்தை பெரம்பூர்: அண்ணே சாப்டியா?

டோனி: அட்டைக்கு எந்த போட்டோ? ரோம்ல எடுத்ததா, வாசல்ல நாற்காலியில உட்கார்ந்திருக்கிறதா?

ஸ்டெல்லா: ரோம். 2000 ஜூபிலி, கோட்டு போட்டது

அம்மா: நாற்காலி. அந்தக் கோட்டு இரவல்.

பெரிய அத்தை: வசனம் 107-ஆம் திருப்பாடல் போடு. கப்பல்ல போறவங்களைப் பத்தினது. ரோம் போனப்ப அப்பா அதைத்தான் சொல்லிக்கிட்டு வந்தார். அப்பாவுக்கு ஊரு சுத்தற ஆசைன்னு எல்லாரும் சொல்வாங்க. அது மட்டும் இல்ல. நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. 1985 பிப்ரவரியில சிதம்பரம் கப்பல் சிங்கப்பூர்லேர்ந்து வரும்போது தீப்பிடிச்சது ஞாபகம் இருக்கா? அப்பா கரையில இருந்தார். 11-ஆம் தேதி பெரம்பூர் லூர்து மாதா திருவிழா, அதுக்குன்னு அந்த நடைக்கு மட்டும் லீவு. சேதி வந்த அன்னைக்கு ரேடியோ பக்கத்துலயே முழங்கால் போட்டு உட்கார்ந்தார். அம்மா கூப்பிட்டும் எழுந்திரிக்கல. அதுக்கப்புறம் கப்பல் ஏறவே இல்ல.

ஸ்டெல்லா: தாத்தா ஒரு வார்த்தை சொல்லலியே

பெரிய அத்தை: சொல்லமாட்டார். ஆனா ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் முதல் நாள், ஒரு துண்டுச் சீட்டுல பேர் எழுதி உபதேசியார்கிட்ட கொடுப்பார். சொந்தக்காரங்க பேர் இல்ல. அந்தத் தீயில செத்தவங்க பேர். கூட வேலை செஞ்சவங்க, அவர் கையால சோறு வாங்கித் தின்ன பயணிங்க, அவருக்குத் தெரிஞ்ச வரைக்கும். முஸ்லிம் பேர் இருக்கும், இந்து பேர் இருக்கும். உபதேசியார் வாசிக்கும்போது அப்பா கையைக் கட்டிக்கிட்டு நிப்பார். 40 வருஷம். போன நவம்பர்ல கை நடுங்குதுன்னு நான் எழுதிக் கொடுத்தேன், அப்போதான் காரணம் கேட்டேன்.

சின்ன அத்தை பெரம்பூர்: அக்கா

சின்ன அத்தை பெரம்பூர்: அப்போ வருஷா வருஷம் திருவிழாவுக்கு எங்க வீட்டுக்கு வந்தது...

பெரிய அத்தை: ஆமா. தேருக்குப் பின்னாடி நடந்தே வருவாரே. அது அதுக்குத்தான்.

அப்பா: எனக்குத் தெரியாது.

பெரிய அத்தை: 6-ஆம் தேதி பூசையில அப்பா பேரோட அந்தப் பேரையும் சேர்த்து வாசிக்கணும். இனிமே நவம்பர்லயும் நாம எழுதணும். அதான் கேட்கணும்னு இருந்தேன். அட்டை எப்படி இருந்தாலும் பரவாயில்ல.

டோனி: கண்டிப்பா அத்தை. பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?

பெரிய அத்தை: ஆறேழுதான் ஞாபகம் வருது. மீதி அவர் நோட்டுல இருக்கு. கோடு போட்ட நோட்டு. கப்பல் பெட்டியில வச்சிருப்பார்.

அப்பா: பெட்டி பூட்டி இருக்கு. சாவி தேடிட்டேன்.

ஸ்டெல்லா: பூட்டை உடைச்சிடலாமா? பித்தளைப் பூட்டுதானே

அம்மா: ஐயோ வேணாம். மாமா அதைத் துடைச்சுத் துடைச்சு வச்சிருந்தார்.

குவைத் சித்தப்பா: சாவி என்கிட்ட இருக்கு.

குவைத் சித்தப்பா: போன லீவுல வந்தப்ப அப்பா கையில கொடுத்தார். எதுக்குப்பான்னு கேட்டேன். வச்சிரு, திரும்பி வரும்போது எடுத்துட்டு வான்னார்.

சின்ன அத்தை பெரம்பூர்: மாதாவே

டோனி: சித்தப்பா...

குவைத் சித்தப்பா: உடைக்காதீங்க. 4-ஆம் தேதி டிக்கெட் பார்க்கிறேன். இல்லன்னா 5. கம்பெனியில இன்னும் சரின்னு சொல்லல.

அப்பா: வா. எந்த ராத்திரி ஆனாலும் ஏர்போர்ட்டுக்கு நான் வரேன்.

குவைத் சித்தப்பா: சரிண்ணே.

அம்மா: நெத்திலி வாங்கி வைக்கிறேன் தம்பி. டோனி, பிரஸ்காரர்கிட்ட ரெண்டு நாள் கேளு.

டோனி: கேட்கிறேன். போட்டோ இன்னும் யாரும் சொல்லல.

ஸ்டெல்லா: ரோம்

பெரிய அத்தை: நாற்காலி. ஏழாகப் போகுது, செபமாலை ஆரம்பிக்கிறேன். ஃபோன்ல சேர்றவங்க சேருங்க.