லாக்-அவுட்டுக்குத் தமிழ்: பூட்டா, காப்பா?

தொழிற்பயிற்சி ஆசிரியர், தருமபுரி:

கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம். பாய்லரில் வரும் 'லாக்-அவுட்' என்பதற்கு அவசரமாக ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் என்னிடம் படித்த பையன்கள் நான்கு பேர் கேஸ் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறார்கள். சீசன் தொடங்குவதற்குள் பாய்லர் பக்கத்தில் ஒட்ட ஒரு தமிழ் அட்டை கேட்டார்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்கவேண்டும்.

ஸ்டார்ட் கொடுத்ததும் விசிறி ஓடி உள்ளே தேங்கியதை வெளியே தள்ளும். அப்புறம் எலெக்ட்ரோடில் பொறி வரும், கேஸ் வால்வு திறக்கும். சில வினாடிக்குள் சுடர் தென்படாவிட்டால் கட்டுப்பாட்டுக் கருவி வால்வை மூடி, சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நின்றுவிடும். ஆள் வந்து ரீசெட்டை அமுக்கும்வரை நகராது. இதுதான் லாக்-அவுட்.

வேறோர் ஆலையில் காரணம் பார்க்காமல் ரீசெட்டை ஏழெட்டு முறை அமுக்கியிருக்கிறார்கள். வால்வு கசிந்துகொண்டிருந்தது, விசிறி ஓடும் நேரமும் போதவில்லை. தேங்கிய கேஸ் ஒரேயடியாகப் பற்றி முன்கதவு பெயர்ந்துவிட்டது. ஆளுக்குப் புருவம் கருகியதோடு போயிற்று. ஆகவே, 'இது கெட்டுப்போகவில்லை, வேண்டுமென்றே நின்றிருக்கிறது' என்று சொல்கிற சொல் எனக்கு வேண்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு), பாலக்கோடு:

தம்பி, லாக்-அவுட்டுக்கு முன் இக்னிஷனை, அதாவது தீ மூட்டுவதற்கான சொல்லை, தீர்ப்போம். 'எரியூட்டல்' என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் அது சுடுகாட்டுச் சொல்லாகிவிட்டது.

அதியமான் ஆண்ட தகடூர் (இன்றைய தருமபுரி) மண்ணில் இருந்துகொண்டு நாம் சொல்லுக்கு அலையவேண்டியதில்லை. அதியமானைப் பாடும்போது ஔவையார் 'இல்லிறைச் செரீஇய ஞெலிகோல்' என்கிறார் (புறநானூறு 315). வீட்டுக் கூரையின் இறவாணத்தில் செருகி வைத்த தீக்கடைகோல். சும்மா இருக்கும்போது தெரியாது. தோன்றினால் கனன்று எரியும் தீயாகத் தோன்றும். பாய்லருக்குள் கிடக்கிற எலெக்ட்ரோடும் அப்படித்தானே? ஞெலி என்றால் கடைந்து தீ உண்டாக்கு. எலெக்ட்ரோடு ஞெலிகோல், இக்னிஷன் ஞெலிப்பு. சொல்முதலில் ஞகரம் வருமா என்று கேட்பவர்களுக்கு: ஆ, எ, ஒ மூன்றோடும் வரலாம் என்று தொல்காப்பியமே சொல்கிறது. லகரத்துக்கும் ரகரத்துக்கும் அங்கே இடமில்லை. லாக்கும் ரீசெட்டும் அடிபட்டுப் போகின்றன.

லாக்-அவுட்டுக்குத் 'தாழ்நிலை'. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' எல்லோருக்கும் தெரிந்த குறள்தானே.

பராமரிப்புப் பொறியாளர், ஓசூர்:

ஐயா, பாய்லர் பக்கத்தில் 'தாழ்நிலை' என்று ஒட்டினால் தண்ணீர் மட்டம் குறைந்துவிட்டது என்றுதான் படிப்பார்கள். தண்ணீர் குறைந்தாலும் பாய்லர் இதே மாதிரி நிற்கும். பையன் கேஸ் பக்கம் பார்க்காமல், தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்பைப் பார்க்க ஓடுவான். தயவுசெய்து அது வேண்டாம்.

ஞெலிப்பு அழகாக இருக்கிறது. ஆனால் இங்கே எதுவும் உரசவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் சில ஆயிரம் வோல்ட் கொடுக்கிறது, மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி தாவுகிறது. 'பற்றவைப்பு' போதும். அடுப்பைப் பற்றவைக்கிற எல்லோருக்கும் தெரிந்த சொல்.

லாக்-அவுட்டில் உள்ள சிக்கல், ஆங்கிலத்திலேயே அதற்கு மூன்று பொருள். நிர்வாகம் ஆலையை மூடுவது ஒன்று, ஓசூரில் கதவடைப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். பழுது பார்க்கும்போது மெயின் சுவிட்சில் நம் பூட்டைப் போட்டு, நம் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவது இன்னொன்று. மூன்றாவது, பாய்லரில் கேஸ் எரியும் பகுதியான இந்த பர்னர் தானே நின்றுவிடும் சங்கதி. வெறுமனே 'பூட்டுநிலை' என்றால் எங்கள் ஆட்கள் சாவி யாரிடம் என்று கேட்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர், ஊத்தங்கரை:

'முடக்கம்' என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். 2020க்குப் பிறகு அது கொரோனாச் சொல். 'பாதுகாப்பு நிறுத்தம்' எளிதாகப் புரியும், ஆனால் தவறு. பாதுகாப்புக்காக நின்று, கோளாறு சரியானதும் தானே ஓடத் தொடங்குவது வேறு. லாக்-அவுட்டில் ஆள் கை படவேண்டும். அந்த வேறுபாட்டைச் சொல்லாத சொல்லால் பயன் இல்லை.

என் பரிந்துரை 'காப்புநிலை'. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டித் தங்கமாட்டோம். கட்டியது காவலுக்கு. தானாக அவிழாது, முறைப்படி ஒருவர் அவிழ்க்கவேண்டும். லாக்-அவுட் அச்சு அசலாக அதுதான். ரீசெட்டுக்குக் 'காப்பவிழ்ப்பு'. ஆத்திரத்தில் யாரும் காப்பை அவிழ்க்கமாட்டார்கள். அந்த மரியாதை ரீசெட் பொத்தானுக்கு வந்தால் புருவம் கருகாது.

கொதிகலன் இயக்குபவர், காவேரிப்பட்டணம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் தினமும் அந்த விளக்கைப் பார்க்கிறவன். காப்புநிலை என்று படித்தால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று டீ குடிக்கப் போய்விடுவோம்.

எங்களுக்கு வேண்டியது பெயரைவிட, எந்த இடத்தில் நின்றது என்பது. பொறியே இல்லையா? எலெக்ட்ரோடு இடைவெளி, வயர், பீங்கானில் விரிசல் பார்க்கவேண்டும். பொறி உண்டு, தீ இல்லையா? கேஸ் பக்கம். வால்வு மூடியிருக்கும், சிலிண்டர் மாற்றியதில் குழாயில் காற்று இருக்கும், அல்லது ஒரே நேரத்தில் நிறைய இழுத்து சிலிண்டர் பனி பூத்துப் பிரஷர் இறங்கியிருக்கும். தீ நன்றாக வந்து சில வினாடியில் அணைகிறதா? இதுதான் புது ஆட்களைக் குழப்பும். தீ நம் கண்ணுக்குத் தெரிகிறது, கருவிக்குத் தெரியவில்லை. சுடர் வழியாகச் சில மைக்ரோ ஆம்பியர் ஓடினால்தான் அது நம்பும். சுடரை உணரும் கம்பியில் கரி படிந்தாலோ எர்த் விட்டுப்போனாலோ அந்தக் கரண்ட் வராது. பல பாய்லர்களில் பேஸ், நியூட்ரல் மாறினாலும் இதே கதை. ஒருமுறை எலெக்ட்ரீஷியன் பிளக் மாற்றிய மறுநாள் அரை நாள் தேடினோம், கடைசியில் அதுதான்.

பேச்சில் நாங்கள் 'பாய்லர் பூட்டிக்கிச்சு' என்போம். பேனலில் இருப்பது ஆங்கில எழுத்து. அதனால் அட்டையில் 'லாக்-அவுட் விளக்கு' என்றே போடுங்கள். அட்டையில் இருப்பதையும் பேனலில் இருப்பதையும் கண் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு), பாலக்கோடு:

காவேரிப்பட்டணத்துத் தம்பி, நாங்கள் நான்கு நாளாகத் தேடியது உங்கள் வாயில் இருக்கிறது. 'பூட்டிக்கிச்சு' என்பது பூட்டிக்கொண்டது. அந்தக் 'கொள்' என்ற துணைவினையைப் பாருங்கள். பூட்டினான் என்றால் ஆள் பூட்டியது, அது ஓசூர் அம்மா சொல்லும் மெயின் சுவிட்ச் பூட்டு. பூட்டிக்கொண்டது என்றால் தன்னைத் தானே, தன் பொருட்டு. இரண்டு லாக்-அவுட்டையும் தமிழ் ஒரு துணைவினையில் பிரித்துவிட்டது. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் தன் + பூட்டு, 'தற்பூட்டு'. தற்காப்பு போல.

தாழ்நிலையைத் திரும்பப் பெறுகிறேன். ஞெலிகோலை விடமாட்டேன்.

மொழிபெயர்ப்பாளர், ஊத்தங்கரை:

தற்காப்பு நினைவுக்கு வருமுன் தற்கொலை நினைவுக்கு வருகிறதே ஐயா. 'ஏன் நின்றது' என்பது காப்பில் இருக்கிறது, தற்பூட்டில் இல்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தொழிற்பயிற்சி ஆசிரியர், தருமபுரி:

நாளை அச்சு. இதுவரை தற்பூட்டுக்கு ஐவர், காப்புநிலைக்கு இருவர், பூட்டுநிலைக்கு ஒருவர். சொற்பட்டியலில் தற்பூட்டு போகட்டும். அட்டையில் பெயர்ச்சொல்லே இல்லாமல் எழுதிவிட்டேன்:

'சிவப்பு லாக்-அவுட் விளக்கு எரிந்தால் பாய்லர் தன்னைப் பூட்டிக்கொண்டது என்று பொருள். ரீசெட்டை ஒரு முறை மட்டும் அமுக்கு. கூடவே பார்: பொறி வந்ததா? தீ வந்ததா? வந்து அணைந்ததா? மறுபடி பூட்டிக்கொண்டால் அமுக்காதே. கேஸ் வால்வை மூடிவிட்டு ஃபோர்மேனைக் கூப்பிடு. கேஸ் வாடை வந்தால் ஒரு முறைகூட அமுக்காதே.'

பராமரிப்புப் பொறியாளர், ஓசூர்:

கேஸ் வாடை பற்றிய வரியை முதல் வரியாக்குங்கள். 'எந்த சுவிட்சையும் தொடாதே' என்பதையும் சேருங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். மற்றபடி சரி.

தமிழாசிரியர் (ஓய்வு), பாலக்கோடு:

'அமுக்கு', 'பார்' என்று ஏவலில் எழுதியிருக்கிறீர்கள். வேலை செய்கிறவர்களுக்கு 'அமுக்கவும்', 'பார்க்கவும்' என்று மரியாதையாகவே எழுதலாம். அச்சகத்துக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள் தம்பி.