திக்குவாய்: தோசை கேட்க முடியாமல் இட்லி தின்றவர்கள் இங்கே வாருங்கள்

மதுரைக்காரன்:
எனக்கு ‘த’ வராது. தனியாக இருக்கும்போது தாராளமாக வரும், நாய்க்குட்டியிடம் பேசும்போதும் வரும், கண்டக்டர் முன்னால்தான் நாக்கு மேல்பல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கல்லூரி முடிகிறவரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறித் தல்லாகுளத்துக்கு டிக்கெட் கேட்டதே இல்லை. "கோரிப்பாளையம் ஒண்ணு" என்று சொல்லி முன்னாலேயே இறங்கி வெயிலில் நடப்பேன். ஹோட்டலில் எப்போதும் இட்லி. வேடிக்கை என்னவென்றால், ஊரில் பலருக்கு நான் திக்குவேன் என்பதே தெரியாது, அழுத்தக்காரன் என்றுதான் பெயர். போனில் பேச வேண்டிய வேலை என்றால் விண்ணப்பமே போடுவதில்லை. நமக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று யாரும் சொல்வதற்கு முன்னால் நானே முடிவு கட்டிவிடுவேன்.

தம்பிக்கு அக்கா:
அப்படியே என் தம்பி! சின்ன வயதில் அப்பத்தா அவன் நாக்கில் வசம்பு உரசித் தடவியது, யாரோ கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னார்கள், வருகிறவர் போகிறவரெல்லாம் "மெதுவாப் பேசுடா" என்றார்கள். திக்கல் போகவில்லை, தன்னிடம் ஏதோ கோளாறு என்பது மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது. மார்கழியில் கூட்டத்தோடு திருப்பாவை பாடினால் ஓர் இடத்தில்கூடத் தட்டாது. கல்யாணப் பேச்சை எடுத்தாலோ "என்னை எவ கட்டுவா" என்று எழுந்து போய்விடுவான். பெண் வீட்டார் போன் அடித்து இவன் எடுக்காததற்கு, பையனுக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்களாம்.

பழைய திக்குவாயன்:
பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு, ஆண்களுக்குத்தான் அதிகம். பேச்சுப் பயிற்சிக்குப் போனபோது ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னதைச் சொன்னார்கள் (அவருக்கும் திக்கும்). காதில் விழுகிற திக்கல் பனிப்பாறையின் நுனிதான், தண்ணீருக்கடியில் கிடப்பது வெட்கம், பயம், ஒளித்துவைப்பது. எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம், வேண்டுமென்றே திக்குவது! மருந்துக்கடையில் போய் "த... த... தலைவலி மாத்திரை இருக்கா" என்று கேட்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டிப்போச்சு. கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "எத்தனை?" என்றார். இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தோம் என்று எரிச்சல்தான் வந்தது.

இப்போதும் திக்குகிறது. தன்னம்பிக்கை வந்தால் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம், மூளையில் பேச்சு ஒழுங்காகிற விதத்துக்கும் பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. மாறியது வேறு. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்ததுமே "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க" என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைக்க எதுவும் இல்லாததால் கேள்வியில் கவனம் நிற்கிறது. முன்னெல்லாம் பதில் தெரிந்தாலும், திக்காத வார்த்தையைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

அக்கா, பேச்சுப் பயிற்சிக்குத் தம்பியை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் ஒரு தடவை கூடப் போங்கள். அவன் ஆரம்பித்த வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்கிற பழக்கம் வீட்டில் இருந்தால், முதலில் அது நிற்க வேண்டும்.