வளைகாப்பு ஹாலும் ஐ-5 பாலத்து டோலும்

குழு: நம்ம குடும்பம் (போர்ட்லேண்ட், ஓரிகன் – வான்கூவர், வாஷிங்டன்)

மீனாட்சி பெரியம்மா, 7:12
[ஃபார்வர்டு] திங்கள் முதல் கொலம்பியா ஆத்துப் பாலத்துக்கு டோல்!! ஒரு தடவைக்கு 10 டாலர்!! எல்லாருக்கும் அனுப்பவும்

மீனாட்சி பெரியம்மா, 7:13
இது நெசமா? பீவர்ட்டன்லருந்து அத்தனை கார் வரணும். அப்பவே சொன்னேன், ஹால் இந்தப் பக்கம் பாருங்கன்னு

செல்வி அத்தை, 7:15
அட்வான்ஸ் கொடுத்தாச்சு மதினி

சுந்தர் மாமா, 7:15
புரளி

ரவி சித்தப்பா, 7:21
புரளிதான் மதினி. இப்ப கொலம்பியா ஆத்து ஐ-5 பாலத்துல டோலே கிடையாது. வசூல் எப்ப ஆரம்பிக்கும்னு முதல்ல 2026-ன்னாங்க, அப்புறம் 2027-ன்னாங்க. 10 டாலரும் தப்பு. பழைய பாலத்துக்குப் பதிலா புதுசு கட்டுற திட்டத்துல கணக்குப் போட்டுப் பாத்தது காருக்கு 1.55-லருந்து 4.70 டாலர் வரைக்கும். காலை, மாலை நெரிசல்ல கூடுதல், ராத்திரி கம்மி. போக ஒண்ணு, வர ஒண்ணு. சாவடி எதுவும் இருக்காது, மேல கேமரா, கண்ணாடில ஸ்டிக்கர். வாஷிங்டன் மாநிலத்தோட ‘குட் டு கோ’ டோல் கணக்குலதான் வசூல்னு ஏற்பாடு.

கார்த்தி, 7:24
மாமா, அம்மாவுக்கு ஒரு மெசேஜ். “டோல் பாக்கி 6.99, இன்னைக்கே கட்டு”ன்னு லிங்க்

ரவி சித்தப்பா, 7:25
தொடாதே. டோலே இல்லாத பாலத்துக்கு பாக்கி எங்கருந்து வரும்? நாடு முழுக்க இந்த மோசடி நடக்குது. லிங்கைத் திறக்காம நம்பரை பிளாக் பண்ணிட்டு அழிச்சிரு. சந்தேகமா இருந்தா ‘குட் டு கோ’ தளத்தை நீயே டைப் பண்ணித் திறந்து பாரு.

செல்வி அத்தை, 7:26
அழிச்சிட்டேன்

சுந்தர் மாமா, 7:31
புரளின்னு சொன்னாலும் வரத்தான் போகுது மாப்ள. வான்கூவர்ல வீடு, ஓரிகன்ல வேலைன்னா ஓரிகன் வருமான வரி முழுசா கட்டுறோம். அதுக்கு மேல பாலத்துக்குமா? அதுவும் எப்பவோ கட்டி முடிச்ச பாலத்துக்கு! புதுசு கட்டிட்டுக் கேளு, தர்றேன்

கார்த்தி, 7:31
அப்பா சொல்றது கரெக்ட்

பிரியா, 7:33
அத்தை, பச்சை வளையல் எத்தனை டஜன் சொன்னீங்க?

ரவி சித்தப்பா, 7:44
மச்சான், கோபம் நியாயம். ஆனா சட்டம் தெரிஞ்சு பேசணும். 1956 சட்டத்துல இன்டர்ஸ்டேட்ல (ஐ-5 மாதிரி மாநிலங்களை இணைக்கிற நெடுஞ்சாலைல) பொதுவா டோல் கூடாது, ஏற்கெனவே இலவசமா ஓடுற ரோட்டுக்கு இன்னும் கெடுபிடி. பென்சில்வேனியா ஐ-80 முழுக்க டோல் கேட்டப்போ மத்திய அரசு 2010-ல மறுத்துருச்சு. ஆனா பாலத்தை இடிச்சுப் புதுசா கட்டுறதுன்னா விதிவிலக்கு உண்டு. நம்ம பாலம் அதுல வருது.

வடக்க போற பாலம் 1917, தெக்க போற பாலம் 1958. ரெண்டும் மணல்ல அடிச்ச மரத்தூண் மேல நிக்குது. இந்தக் கடலோரத்துல எதிர்பாக்குற பெரிய கஸ்கேடியா நிலநடுக்கம் வந்தா அந்த மணல் குழம்பாயிரும், தூண் சாஞ்சிரும். பக்கத்துக்கு மூணு லேன், ஓரத்துல ஒதுங்க இடமில்ல. ஒரு வண்டி நின்னா ஒரு லேன் போச்சு. புதுப் பாலம் வேணும்கிறதுல எனக்கு மறுபேச்சே இல்ல.

பழைய பாலத்துலயே வசூலை ஆரம்பிக்கிறதும் புதுசு இல்ல. சியாட்டில் 520 பாலத்துல 2011 டிசம்பர்ல டோல் வந்துச்சு, புதுப் பாலம் திறந்தது 2016-ல. முன்னாடியே வசூலிச்சா வாங்குற கடன் குறையும், வட்டியும் குறையும்.

சுந்தர் மாமா, 7:46
யார் வட்டி, யார் காசு

பெரியப்பா, 7:50
எல்லாரும் ஐ-205 பாலம் வழியா வாங்க. முடிஞ்சது

ரவி சித்தப்பா, 7:58
அண்ணே, ஆபத்தே அதுலதான் இருக்கு. கென்டக்கி மாநிலத்து லூயிவில்ல பாருங்க. ஐ-65 கென்னடி பாலத்துக்குப் பக்கத்துல இன்னொரு பாலம் கட்டி, 2016 கடைசில ரெண்டுக்கும் டோல் போட்டாங்க. இலவசமா இருந்த செகண்ட் ஸ்ட்ரீட் பாலத்துக்கும் ஐ-64 பாலத்துக்கும் கூட்டம் தாவிருச்சு. ஐ-65-ல வண்டி ஏறக்குறைய பாதியாச்சு, பாதைய ரெண்டு மடங்கு பெருசாக்கின பிறகு! இங்க 5-ல டோல், 205 இலவசம்னா அந்த 205-ஓட க்ளென் ஜாக்சன் பாலத்துக்கு அதே கதி. டோல் கட்டாதவனும் நெரிசல்ல கட்டுவான்.

பெரியப்பா, 7:59
சரி

மீனாட்சி பெரியம்மா, 8:02
அப்ப அன்னைக்கு எந்த வழியா வர்றது தம்பி? முகூர்த்தம் 10:30

ரவி சித்தப்பா, 8:06
சனிக்கிழமைன்னா கப்பல் போறதுக்காக ஐ-5 பாலத்தைத் தூக்குறதையும் பாக்கணும் மதினி. வார நாள்ல காலை 6:30–9, மதியம் 2:30–6 தூக்க மாட்டாங்க. சனி, ஞாயிறு அந்தத் தடை இல்ல, கப்பல் வந்தா தூக்கிருவாங்க. பத்து நிமிஷம் போயிரும், பின்னாடி தேங்கினது கலைய இன்னும் நேரமாகும். சாப்பாட்டு வண்டி மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பட்டும்.

செல்வி அத்தை, 8:08
எங்க கிரகப்பிரவேசத்துக்கு டோலும் இல்ல, பாலமும் தூக்கல. அப்பவும் அந்தப் பக்கத்து ஆளுங்க வரல

மீனாட்சி பெரியம்மா, 8:09
செல்வி, அப்ப அவருக்குக் காய்ச்சல்

செல்வி அத்தை, 8:09
சரி மதினி

பிரியா, 8:10
வளையல்???

சுந்தர் மாமா, 8:15
போக்குவரத்துக் கமிஷனுக்கு மக்கள் கருத்து எழுதலாம்ல? நான் ஒரே வரி எழுதப்போறேன். டோல் வேண்டாம்

ரவி சித்தப்பா, 8:29
எழுதுங்க மச்சான், ஆனா ஒரு வரியோட நிறுத்தாதீங்க. கட்டணத்தை முடிவு பண்றது ரெண்டு மாநிலப் போக்குவரத்துக் கமிஷனும் சேந்து. ‘வேண்டாம்’னு ஆயிரம் பேர் எழுதுனா எண்ணிக்கைல சேரும், விதில ஒண்ணும் மாறாது. விதியா கேக்கணும்.

நாளைக்கு ரெண்டு தடவை, மாசம் 20 நாள்னா 40 தடவை. எல்லாம் 4.70-ன்னா 188 டாலர், 1.55-ன்னா 62. அதனால தினம் போறவங்களுக்கு மாச உச்சவரம்பு கேளுங்க. லூயிவில்ல மாசம் 40 தடவை போனா பாதிக் கட்டணம்னு விதியே வச்சாங்க. ஸ்டிக்கர் இல்லாதவங்களுக்கு ‘குட் டு கோ’ தபால் பில்லுல ஒவ்வொரு தடவையும் 2 டாலர் கூட்டுது, அது ஷிஃப்ட் வேலை பாக்குறவங்களையும் வாடகைக்கார் எடுக்குறவங்களையும்தான் அடிக்கும், குறைக்கச் சொல்லுங்க. 205-ல நெரிசல் எவ்வளவு கூடுதுன்னு மாசாமாசம் அளந்து வெளியிடச் சொல்லுங்க.

முக்கியமானது முடிவு தேதி. இதே பாலத்துல 1917-ல 5 சென்ட் வாங்கி 1929-ல நிறுத்தினாங்க. ரெண்டாவது பாலத்துக்காக 1960-லருந்து 20 சென்ட் வாங்கி 1966-ல நிறுத்தினாங்க. இந்தத் தடவையும் கடன் முடிஞ்சதும் டோல் நிக்கும்னு எழுத்துல கேக்கணும். இல்லன்னா பராமரிப்புங்கிற பேர்ல நீளும்.

கார்த்தி, 8:31
ஓரிகன் 205-ல டோல் போடறதா இருந்துச்சே மாமா?

ரவி சித்தப்பா, 8:33
ஆமா, ஓரிகனுக்குள்ள 5-லயும் 205-லயும். எதிர்ப்பு பலமா இருந்துச்சு, 2024 மார்ச்ல கவர்னர் கோடெக் நிறுத்திட்டாங்க. அதனால மக்கள் எழுதுறது வீணில்ல.

சுந்தர் மாமா, 8:36
பாத்தியா, அவங்க வேண்டாம்னாங்க, நின்னுச்சு

ரவி சித்தப்பா, 8:37
அங்க இடிஞ்சு விழுற மரத்தூண் பாலம் இல்ல மச்சான். இங்க டோலை நிறுத்தினா புதுப் பாலத் திட்டமும் நின்னுரும். 2013-ல வாஷிங்டன் மாநில செனட் பணம் ஒதுக்காததால இதுக்கு முந்தின புதுப் பாலத் திட்டமே படுத்துருச்சு, அப்பலருந்து செலவு ஏறிக்கிட்டே போகுது.

சுந்தர் மாமா, 8:40
நீ எழுதி அனுப்பு. டோல் வேணும்னு ஒரு வார்த்தை இருந்தாலும் என் பேர் வேண்டாம்

ரவி சித்தப்பா, 8:41
‘வேண்டாம்’னும் இருக்காது

சுந்தர் மாமா, 8:41
அப்ப நான் தனியா எழுதிக்கிறேன்

செல்வி அத்தை, 8:43
ரெண்டு பேரும் ராத்திரி போன்ல பேசிக்கோங்க. பிரியா, பச்சை 12 டஜன், சிவப்பு மதினி வாங்குறாங்க

மீனாட்சி பெரியம்மா, 8:44
நானா? நீ வாங்குறேன்னுல்ல சொன்ன

பெரியப்பா, 8:47
ஹாலை மாத்துறோமா இல்லையா

செல்வி அத்தை, 8:48
அட்வான்ஸ் திரும்பத் தருவாங்களான்னு மதியம் கேட்டுச் சொல்றேன்