945: காரணிகளின் கூட்டுத்தொகை தன்னையே மிஞ்சும் ஒற்றை எண்

கேள்வி: 12-இன் காரணிகளில் 12-ஐ விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 16 கிடைக்கிறது. இவ்வாறு தன்னைவிட மிகுந்த தொகை தரும் முதல் ஒற்றை எண் 945 என்று படித்தேன். அதற்கு முன் ஒன்றுகூட இல்லாததற்குக் காரணம் என்ன?

பதில் 1: 945 = 3 × 3 × 3 × 5 × 7 என்பதால் 945-ஐயும் சேர்த்து எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை (1 + 3 + 9 + 27) × (1 + 5) × (1 + 7) = 40 × 6 × 8 = 1920; அதிலிருந்து 945-ஐக் கழித்தால் 975 எஞ்சும். இரண்டே ஒற்றைப் பகா எண்களால் ஆன எந்த எண்ணுக்கும், அடுக்குகளை எவ்வளவு உயர்த்தினாலும், எல்லாக் காரணிகளின் தொகை அவ்வெண்ணின் 3/2 × 5/4 = 15/8 மடங்கைத் தொடுவதில்லை; எண்ணையும் சேர்த்துக் கூட்டுவதால் நமக்கு வேண்டியதோ 2 மடங்குக்கு மேல். ஆகவே குறைந்தது மூன்று பகா எண்கள் தேவைப்படுகின்றன.

பதில் 2: 315-ஐயும் பாருங்கள். அதன் தொகை 309. வெறும் 6 குறைவதால் வாய்ப்பை இழக்கிறது. அதை மூன்றால் பெருக்கியதே 945. (1 × 3 × 5 × 7 × 9 என்பதும் அதே எண்தான் என்பது எனக்கு இன்னும் அழகாகப் படுகிறது.)

கேள்வி கேட்டவர்: நன்றி. அடுத்த ஒற்றை எண் இதன் மடங்கான 2835-ஆகத்தான் இருக்குமா?

பதில் 1: இல்லை, 1575. அதன் தொகை 1649.